வயிற்றைப் படித்த கைகள்

வடசென்னையில் எட்டாம் மாதம் கடந்த பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "தலை திரும்பிடுச்சா?" என்பதுதான். காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் எண்ணூர் குப்பங்களிலும் இதற்கான பதில்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. "தலை கீழ வந்துட்ச்சி", "கால் பக்கமா கீது", "குறுக்கால கீது", "தலை எறங்கிடுச்சி, இனி நாள் இல்ல." வலியிலும் இரண்டு வகை உண்டு: சூட்டு வலி, பிள்ளை வலி. இந்தச் சொற்களை யாரும் புத்தகத்தில் படித்துக் கற்றதில்லை. வயிற்றின் மேல் கை வைத்து உள்ளே கிடக்கும் பிள்ளையின் தலை எது, முதுகு எது, கால் எது என்று தெரிந்துகொண்ட பெண்கள் விட்டுச்சென்ற சொற்கள் இவை. அந்தக் கைகள் ஏறத்தாழ மறைந்துவிட்டன. சொற்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

இன்று பதில் ஸ்கேன் ரிப்போர்ட்டில் வருகிறது. "செஃபாலிக்" என்றோ "பிரீச்" என்றோ ஒரு சொல். என் வகுப்புக்கு வரும் மாணவிகளில் பலர் மீனவக் குடும்பத்தையோ துறைமுகக் கூலிக் குடும்பத்தையோ சேர்ந்தவர்கள். அக்காவின் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து "மேம், இதுல இன்னா போட்டுக்கீது?" என்று கேட்டிருக்கிறார்கள். தமிழ் ஆசிரியையிடம் கேட்க வேண்டிய கேள்வியா இது என்று எனக்குத் தோன்றியதில்லை. ஒரு பெண்ணின் வயிற்றைப் பற்றிய செய்தி அவளுக்குப் புரியாத மொழியில், அவளிடம் சொல்லப்படாமல், ஒரு கோப்புக்குள் போய்ச் சேருவது மொழியின் சிக்கலும்தான். கை வைத்துப் பார்க்கும் அந்த அறிவைத் தமிழ் எழுத்து எப்படி நடத்தியது, மருத்துவம் எப்படி நடத்தியது, இரண்டுக்கும் நடுவில் கர்ப்பிணிக்கு என்ன நேர்ந்தது என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி.

கை என்ன செய்கிறது

முதலில் அந்தச் செயலைத் தெரிந்துகொள்வோம். பெண்ணெழுத்தில்கூட இதைப் பற்றிய விவரம் அரிது.

கர்ப்பிணி சிறுநீர் கழித்துவிட்டு மல்லாந்து படுக்கிறாள். முழங்காலைச் சற்று மடக்கினால் வயிற்றுத் தசை தளரும். பார்ப்பவள் தன் உள்ளங்கைகளைச் சூடாக்கிக்கொள்கிறாள். குளிர்ந்த கை பட்டால் வயிறு இறுகிவிடும், எதுவும் தெரியாது. முதலில் கருப்பையின் உச்சி எங்கே இருக்கிறது என்று பார்ப்பாள். சுமார் 12 வாரத்தில் அடிவயிற்று எலும்புக்கு மேல் தட்டுப்படும், 24 வாரத்தில் தொப்புளை எட்டும், 36 வாரத்தில் நெஞ்சுக்குழிக்கு அருகே வரும். அதன்பின் தலை இறங்க இறங்க உச்சியும் சற்று இறங்கும். "வயிறு எறங்கிடுச்சி" என்று பெண்கள் சொல்வது இதைத்தான்.

பிறகு நான்கு படிகள். உச்சியில் இரு கைகளையும் வைத்தால் அங்கே இருப்பது தலையா புட்டமா என்று தெரியும். தலை கெட்டியாக, உருண்டையாக இருக்கும், தட்டினால் தனியே அசைந்து திரும்பும். புட்டம் மெத்தென்று அகலமாக இருக்கும், அசைத்தால் உடம்போடு சேர்ந்து அசையும். இரண்டாவதாக வயிற்றின் இரு பக்கமும் கை வைத்து, ஒரு கையால் தாங்கி மறு கையால் தடவினால் ஒரு பக்கம் வழவழப்பான நீண்ட வளைவு தென்படும். அது முதுகு. மறு பக்கம் சிறு சிறு முண்டுகள் கைக்குத் தட்டுப்பட்டு நழுவும். அவை கை கால்கள். முதுகு இருக்கும் பக்கம் தெரிந்தால்தான் இதயத்துடிப்பை எங்கே கேட்பது என்று தெரியும். மூன்றாவதாக, அடிவயிற்று எலும்புக்கு மேலே ஒரு கையால் பிடித்து, கீழே இருப்பது என்ன, அது இன்னும் அசைகிறதா என்று பார்ப்பது. நான்காவதாக, கர்ப்பிணியின் கால் பக்கம் திரும்பி நின்றுகொண்டு இரு கை விரல்களாலும் கீழ்நோக்கி இறங்கி, தலை இடுப்பெலும்புக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளப்பது. மேலே இன்னும் எத்தனை விரல் அகலத்துக்குத் தலை தெரிகிறது என்பது கணக்கு. ஐந்தில் எத்தனை பங்கு என்று இன்றும் கேஸ் ஷீட்டில் எழுதுகிறார்கள். அளவுகோல் விரல்தான்.

இது வாசிப்பு. கண்ணால் பார்க்க முடியாத ஒன்றைத் தோலுக்கும் தசைக்கும் நீருக்கும் அப்பாலிருந்து தடவி, ஒரு பகுதியை வைத்து முழுமையை ஊகித்து, அடுத்த பிடியில் அந்த ஊகத்தைச் சரிபார்ப்பது. ஒரு பாடலை நாங்கள் வகுப்பில் இப்படித்தான் படிக்கிறோம். ஆனால் எங்கள் வாசிப்புக்குப் பட்டம் உண்டு, சம்பளம் உண்டு.

இதே கடற்கரையில் கை அறிவுக்கு இன்னொரு உதாரணமும் உண்டு. எண்ணூர்க் கழிமுகத்திலும் பழவேற்காட்டிலும் வலை இல்லாமல், கலங்கிய நீருக்குள் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். இருளர் பெண்கள் பலருக்கு அதுவே பிழைப்பு. அனல்மின் நிலையச் சாம்பல் ஆற்றடியில் படிந்ததை அறிக்கைகளுக்கு முன்பே அறிந்தவை இவர்களுடைய கையும் காலும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழிமுகத்தில் பரவியபோதும் முதலில் கறுத்தவை இந்தத் தொழில் செய்யும் கைகள்தாம். கையால் அறிந்தவள் சொல்வது சாட்சியமாக ஏற்கப்படுவதில்லை. கருவியோ காகிதமோ வந்து உறுதி செய்த பிறகே அது உண்மையாகிறது. பிள்ளைப்பேற்றிலும் நடந்தது இதுதான்.

யார் பெயரால்

மேலே சொன்ன நான்கு படிகளுக்கு உலகெங்கும் ஒரு பெயர் உண்டு: லியோபோல்ட் முறை. கிறிஸ்டியன் லியோபோல்ட் (1846-1911) ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரப் பெண்கள் மருத்துவமனையில் பணியாற்றியவர். 1894இல் அவரும் ஷ்போர்லினும் எழுதிய கட்டுரை, இயல்பான பிரசவங்களை வெளிப்பரிசோதனை ஒன்றைக் கொண்டே நடத்துவதைப் பற்றியது. அதன் நோக்கம் நல்லது. அடிக்கடி உள்ளே கைவிட்டுப் பார்ப்பதால் பரவிய பிரசவக் காய்ச்சல் பெண்களைக் கொன்றுகொண்டிருந்த காலம் அது. வெளியிலிருந்தே போதிய அளவு தெரிந்துகொள்ளலாம் என்று ஒழுங்குபடுத்திக் காட்டியதில் அவருடைய பங்கை மறுக்க வேண்டியதில்லை. மூன்றாவது பிடிக்குச் செக் மருத்துவர் பாவ்லிக்கின் பெயர். நம்முடைய செவிலியர் மாணவிகள் இந்த இரு பெயர்களையும் மனப்பாடம் செய்துதான் தேர்வு எழுதுகிறார்கள்.

ஆனால் லியோபோல்டுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1690இல், யுஸ்டினே சீகெமுண்ட் என்ற ஜெர்மானிய மருத்துவச்சி பிரசவம் பற்றிப் படங்களோடு ஒரு நூல் வெளியிட்டார். வயிற்றில் தவறாகக் கிடக்கும் பிள்ளையை இரு கைகளால் திருப்பும் முறை அதில் விளக்கப்பட்டிருக்கிறது. அவருக்குப் பிள்ளை இல்லை. இளம் வயதில், கர்ப்பமாக இல்லாத அவரைக் கர்ப்பிணி என்று மருத்துவச்சிகள் தவறாகச் சொல்லிப் படாத பாடு படுத்தியதுதான் அவரை இத்துறைக்குக் கொண்டுவந்தது. கையால் துன்பப்பட்ட பெண் அந்தக் கையையே திருத்த முயன்றாள். அவர் பெயரில் எந்தப் பிடியையும் நாம் மனப்பாடம் செய்வதில்லை.

ராயபுரத்துக்கு வருவோம். வடசென்னையின் பல தலைமுறைகள் பிறந்த மருத்துவமனை 1880இல் தொடங்கப்பட்டது. ராஜா சர் ராமசாமி முதலியார் பிள்ளைப்பேறு மருத்துவமனை என்பது அதன் பெயர். ஊராருக்கு "ஆர்.எஸ்.ஆர்.எம்." கொடையளித்தவர் பெயர் வாசலில் இருப்பதில் குற்றம் இல்லை. எத்தனையோ ஏழைப் பெண்களின் உயிர் அந்த வாசலுக்குள் காப்பாற்றப்பட்டது. ஆனால் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். மருத்துவமனைக்கு ஆணின் பெயர், பரிசோதனை முறைக்கு ஆணின் பெயர், பிறக்கும் பிள்ளைக்குத் தகப்பனின் இனிஷியல். இத்தனைக்கும் நடுவில் வேலை செய்த கைகளுக்குப் பொதுப்பெயர் மட்டும்தான்: ஆயா, நர்ஸம்மா, மருத்துவச்சி.

"மருத்துவச்சி" என்ற சொல்லின் கதையே தனி. தமிழ்நாட்டில் முடிதிருத்தும் சமூகத்தின் ஆண்கள் சிகிச்சையும் செய்தார்கள், பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். மருத்துவர் என்பது அச்சமூகத்தின் பெயராகவும் இருந்தது. நவீன மருத்துவம் வந்ததும் "மருத்துவர்" என்ற சொல் சாதியிலிருந்து கழன்று, வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, மரியாதைச் சொல்லாக உயர்ந்தது. அதன் பெண்பால் உயரவில்லை. எம்.பி.பி.எஸ். படித்த பெண்ணை "மருத்துவச்சி" என்று அழைத்துப் பாருங்கள், கோபப்படுவார். "பெண் மருத்துவர்" என்போம், "லேடி டாக்டர்" என்போம். ஒரே சொல்லின் ஆண்பால் மேலே போயிற்று, பெண்பால் படிக்காதவளுக்கும் கீழ்ச்சாதிக்காரிக்கும் உரியதாகத் தங்கிவிட்டது. "செவிலி"யும் அப்படித்தான். சங்க இலக்கியத்தில் தலைவியை வளர்த்த தாய் அவள். இன்று டாக்டர் சொல்வதைச் செய்பவள்.

தமிழ் எழுத்தில் அவள் எங்கே

தொல்காப்பியம் களவிலும் கற்பிலும் யார் யார் பேசலாம் என்று பட்டியல் தருகிறது. பார்ப்பான், பாங்கன், பாணன், கூத்தன், விறலி, பரத்தை என எல்லாருக்கும் அதில் இடம் உண்டு. செவிலிக்கும் தோழிக்கும் உண்டு. பிள்ளை பெற்ற தலைவி பாடல்களில் வருகிறாள். நெய்யாடுகிறாள், ஐயவி பூசுகிறாள், பரத்தை வீட்டிலிருந்து திரும்பும் கணவனோடு ஊடுகிறாள். அந்தப் பிள்ளையை எடுத்த பெண் பேசுவதில்லை. பேறு நடந்து முடிந்த பிறகே பாட்டு தொடங்குகிறது.

சூலைப் பாடிய ஒரு பெண்குரல் உண்டு. குறுந்தொகை 287ஆம் பாட்டில் கச்சிப்பேட்டு நன்னாகையார், நீர் நிறைந்து மெதுவாக மலையேறும் மேகத்தை, புளிக்கு ஏங்கி நடக்க மாட்டாமல் தளரும் முதற்சூல் பெண்ணோடு ஒப்பிடுகிறார். கர்ப்பத்தின் பாரமும் மசக்கையும் தெரிந்த ஒருவரால்தான் மேகத்தை அப்படிப் பார்க்க முடியும். ஆனால் அங்கும் வயிறு வெளியிலிருந்து பார்க்கப்படும் காட்சிதான். தொட்டு அறிவதில்லை.

பக்தி இலக்கியம் வயிற்றுக்குள் நுழைந்தது. திருவாசகத்தின் போற்றித் திருவகவல் முதல் மாதத்திலிருந்து பத்தாம் மாதம்வரை கரு தப்பிப் பிழைக்கும் ஆபத்துகளை வரிசைப்படுத்துகிறது. தமிழில் கருவளர்ச்சியை மாதவாரியாகச் சொல்லும் முக்கியமான இடம் அது. அதை ஒரு பெண்ணாகப் படிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. அங்கே கருப்பை என்பது உயிர் தப்பித்து வெளியேற வேண்டிய முதல் ஆபத்து. அந்தப் பத்து மாதமும் யாருடைய உடம்பில் நடக்கிறது என்பதற்கு அப்பாடலில் முகம் இல்லை. துறவி பட்டினத்தார் தன் தாயின் சிதைக்கு முன் பாடியதாக வழங்கும் பாடல்களில் தாய்க்கு முகம் உண்டு, சுமந்த பத்து மாதத்துக்கு நன்றியும் உண்டு. அவருடைய சமாதி திருவொற்றியூர்க் கடற்கரையில்தான் இருக்கிறது. ஆனால் அங்கேயும் தாய் இறந்த பிறகே அவளுடைய சுமை பாட்டாகிறது.

எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைப்பது திருச்சிராப்பள்ளித் தாயுமானவர் கதை. இரத்தினாவதி என்ற செட்டிப்பெண்ணுக்குப் பேறுகாலம். காவிரியில் வெள்ளம், தாயால் வர முடியவில்லை. சிவன் தாயின் உருவத்தில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது கதை. கடவுள் மருத்துவச்சி வேலை செய்கிறார். வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார், பிள்ளையை ஏந்துகிறார். ஆனால் அவருக்குக் கிடைத்த பெயர் "தாயும் ஆனவர்". மருத்துவச்சியும் ஆனவர் என்று யாரும் சொல்லவில்லை. தாய்மையைக் கடவுள் ஏற்கலாம். ரத்தத்தையும் மாசியையும் கையாளும் வேலைக்காரியின் பெயரை ஏற்க முடியாது. தீட்டு எங்கே நிற்கிறது என்பது இந்தப் பெயரிடலில் தெரிகிறது.

அவளை முகத்தோடு எழுத்துக்குள் கொண்டுவந்தது தலித் வாழ்வை எழுதிய எழுத்து. பாமாவின் "சங்கதி" (1994) நாவலில் வரும் பாட்டி தெருவில் எல்லாப் பிரசவத்தையும் பார்ப்பவள். ஆதிக்கச் சாதியார் மட்டும் அவள் சாதிக்காக அவளைக் கூப்பிடுவதில்லை. கைத்திறன் தெரிந்தும், தொடுதலுக்கு அஞ்சி விலக்கும் சாதியை அந்நாவல் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறது. அதே ஆண்டில் வந்த இமையத்தின் "கோவேறு கழுதைகள்" நாவலின் ஆரோக்கியம், காலனியின் அழுக்குத் துணி வெளுப்பதோடு பிள்ளைப்பேறும் பார்க்கிறாள், கூலியாகத் தானியத்துக்குக் கையேந்துகிறாள். பிறப்பிலும் இறப்பிலும் அவள் இல்லாமல் ஊருக்கு முடியாது. அவளுக்கு என்று ஊர் எதையும் வைப்பதில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு பெண்கவிதை பெண்ணுடலைத் துணிந்து பேசியது. சல்மாவின் "ஒரு மாலையும் இன்னொரு மாலையும்" (2000), குட்டி ரேவதியின் "முலைகள்" (2002) வந்தபோது எழுந்த வசைகளை நாம் மறந்துவிடவில்லை. என் தலைமுறையில் கவிதை எழுத வந்த பெண்களுக்கு அவை கதவைத் திறந்தன. ஆனால் நாங்கள் எழுதிய உடல் பெரும்பாலும் தன்னுடல், அல்லது ஆணால் தொடப்பட்ட உடல். ஒரு பெண்ணை இன்னொரு பெண் அறிவதற்காகத் தொடுவதை நாங்கள் போதிய அளவு எழுதவில்லை. அந்தத் தொடுதலில் ஆசை இல்லை, வன்முறை இல்லாமலும் இருக்கலாம். ஒரு திறமை இருக்கிறது. பெண்ணியக் கவிதைக்கு அது இன்னும் எழுதப்படாத பொருள்.

சினிமா எழுதிய வடசென்னையில் கைகளுக்குப் பஞ்சமில்லை. "வட சென்னை" (2018) படத்தில் கேரம் காயைச் சுண்டும் விரல், கத்தி பிடித்த கை. "சார்பட்டா பரம்பரை"யில் (2021) குத்துச்சண்டைக் கையுறை. எல்லாம் ஆண் கைகள். மீன்கூடையை ஏற்றிவிடும் கை, இறால் உரிக்கும் கை, பேத்தியின் வயிற்றைத் தடவி "தலை இன்னும் மேலதான் கீது" என்று சொல்லும் கை ஆகியவற்றின் மேல் கேமரா நிற்பதில்லை.

கையைக் கும்பிட வேண்டாம்

இதுவரை சொன்னதை வைத்து, பழைய மருத்துவச்சிதான் சிறந்தவள், ஆஸ்பத்திரிதான் வில்லன் என்று யாராவது முடிவு செய்தால் அதை நான் மறுப்பேன். "வீட்டிலேயே சுகப்பிரசவம்" என்று இன்று பேசுவோரில் பலர் பெண்ணின் உயிரைப் பணயம் வைத்துத் தங்கள் மரபுப் பெருமையைப் பேசுகிறார்கள். குறுக்கே கிடக்கும் பிள்ளையைக் கண்டுபிடிக்கக் கை போதும். அதை உயிரோடு வெளியே எடுக்கவும் தாயைக் காப்பாற்றவும் ஆபரேஷன் தியேட்டரும் ரத்தமும் வேண்டும். அவை கிடைக்காத காலத்தில் பெண்கள் செத்தார்கள். தமிழ்நாட்டில் இன்று 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன என்கிறது தேசியக் குடும்பநல ஆய்வு (2019-21). இது பெண்கள் கேட்டுப் பெற்ற உரிமை. இதிலிருந்து ஒரு அடிகூடப் பின்னே போகக் கூடாது.

கைக்கு எல்லை உண்டு என்பதும் நிரூபணமானதே. சிட்னியில் 1,633 கர்ப்பிணிகளை 35 முதல் 37 வாரத்தில் பரிசோதித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், தலை கீழே இல்லாத பிள்ளைகளில் 70 விழுக்காட்டைத்தான் கைப்பரிசோதனை கண்டுபிடித்தது. மீதி முப்பது தவறிப்போயின. பயிற்சி பெற்றவர்களின் கைக்கே இந்த நிலை. அதனால் ஐயம் வந்தால் ஸ்கேன் பார்ப்பதே சரி.

இன்னொரு பக்கம், மருத்துவச்சியைப் பேயாகச் சித்திரித்த எழுத்தையும் நாம் நம்ப வேண்டியதில்லை. 1927இல் காத்தரின் மேயோ எழுதிய "மதர் இந்தியா" நூலில் இந்திய மருத்துவச்சி அழுக்கின் உருவமாக வருகிறாள். காலனிய ஆட்சி இங்கே ஏன் தேவை என்று நிறுவ அந்த அழுக்குக் கை பயன்பட்டது. அவள் ஏன் அழுக்கான அறையில், கந்தல் துணியோடு, கூலி இல்லாமல் வேலை செய்ய வேண்டியிருந்தது என்ற கேள்வி அந்நூலுக்குத் தேவைப்படவில்லை. பிரசவ அறையைத் தீட்டென்று ஒதுக்கி, தீட்டைச் சுமக்க ஒரு சாதியை வைத்து, பிறகு அவள் கை சுத்தமில்லை என்பது நம் வீட்டுக் கணக்கும்தான்.

கை என்பதாலேயே அது அன்பானதாகவும் ஆகிவிடாது. என் முதல் கர்ப்பத்தில், ஒரு மருத்துவமனையில் வரிசையாகப் படுக்க வைக்கப்பட்ட பெண்களில் நானும் ஒருத்தி. கேட்காமல் புடவை விலக்கப்பட்டது, கேட்காமல் அமுக்கப்பட்டது. வலிக்கிறது என்றவளுக்கு, "அப்போ மட்டும் வலிக்கலையா?" என்ற பதில் கிடைத்தது. இதைப் படிக்கும் உங்களில் எத்தனையோ பேர் இதே வாக்கியத்தைக் கேட்டிருப்பீர்கள். அதைச் சொன்னவரும் பெண்தான். நான்கு படிகளும் பாடநூலில் உள்ளபடி சரியாகச் செய்யப்பட்டன. கண்டுபிடித்தது என்ன என்பது பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த மாணவிக்குச் சொல்லப்பட்டது. எனக்குச் சொல்லப்படவில்லை. என் வயிறு பாடமாக இருந்தது, நான் வாசகியாக இல்லை.

என் விமர்சனம் இந்த இடத்தைப் பற்றியது. கையா கருவியா என்பதைவிடப் பெரிய கேள்வி, அறிந்தது யாரிடம் சொல்லப்படுகிறது என்பது. தெரு ஆயாவின் கை தப்பாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் கண்டுபிடித்ததைக் கர்ப்பிணியிடம்தான் சொன்னாள். அவள் கையைப் பிடித்து வயிற்றில் வைத்து, "இங்க பாரு, இது முதுகு" என்று காட்டவும் செய்தாள்.

உலோகத்தில் விரிசல் தேடிய கருவி

ஸ்கேன் கருவியின் பிறப்புக்கும் நம் துறைமுகப் பகுதிக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ, கப்பலும் கொதிகலனும் செய்யும் நகரம். அங்கிருந்த மருத்துவர் இயன் டொனால்ட், உலோகத்தில் விரிசல் கண்டுபிடிக்கும் மீயொலிக் கருவியை 1955இல் ஒரு கொதிகலன் தொழிற்சாலையில் அறுவை செய்து எடுத்த கட்டிகளின் மேல் சோதித்துப் பார்த்தார். 1958இல் "லான்செட்" இதழில் அவருடைய குழுவின் கட்டுரை வந்தது. இரும்பைப் படித்த கருவி வயிற்றைப் படிக்கத் தொடங்கியது. அதனால் பிழைத்த உயிர்கள் ஏராளம். இரட்டைப் பிள்ளை, கீழே இறங்கிய நஞ்சுக்கொடி, வளராத கரு என்று கை தவறவிடுவதை அது காட்டுகிறது.

அதே கருவி இந்தியாவில் பெண்சிசுவைக் கொல்லவும் பயன்பட்டது. பழைய கைகளுக்குப் பிள்ளை ஆணா பெண்ணா என்று தெரியாது. வயிறு கூம்பியிருந்தால் ஆண், அகன்றிருந்தால் பெண் என்பதெல்லாம் பேச்சுதான். கருவிக்குத் தெரிந்தது. 1994இல் சட்டம் வந்தது, 2003இல் திருத்தப்பட்டது. ஒவ்வொரு ஸ்கேன் மையத்திலும் பாலினம் சொல்லப்படாது என்ற பலகை தொங்குகிறது. அது தேவையான சட்டம். ஆனால் சட்டம் தடுத்தது ஒரே ஒரு செய்தியை. பிள்ளை எப்படிக் கிடக்கிறது, தலை எங்கே, முதுகு எந்தப் பக்கம் என்பதைச் சொல்ல எந்தத் தடையும் இல்லை. நடைமுறையில் அந்த அறையின் மௌனம் எல்லாவற்றுக்குமாகப் பரவியிருக்கிறது. திரை மருத்துவர் பக்கம் திரும்பியிருக்கிறது. ஜெல் துடைக்கத் துணி கொடுத்து "டாக்டர்ட்ட காட்டுங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

கைத்திறன் மறைவதற்கு இன்னொரு விலையும் இருக்கிறது. மாதம் நிறையும்போது நூற்றில் மூன்று நான்கு பிள்ளைகள் தலை மேலேயே இருக்க, புட்டமோ காலோ கீழே இருக்கும். 36, 37 வாரத்துக்குப் பிறகு வெளியிலிருந்தே கையால் மெல்லத் தள்ளிப் பிள்ளையைத் திருப்பும் முறை மருத்துவத்தில் ஏற்கப்பட்டது. மருத்துவமனையில், ஸ்கேனும் ஆபரேஷன் வசதியும் பக்கத்தில் இருக்கச் செய்தால் ஏறத்தாழப் பாதி முயற்சிகள் வெற்றி பெறும். ஆனால் அதைச் செய்யக் கை பழகியிருக்க வேண்டும். 2000இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று, இப்படிக் கிடக்கும் பிள்ளைக்குத் திட்டமிட்ட சிசேரியனே பாதுகாப்பானது என்றது. உலகம் முழுக்க மருத்துவமனைகள் உடனே மாறின. அதே பிள்ளைகளை இரண்டு வயதில் பார்த்த 2004 ஆய்வு, இரு முறைகளுக்கும் நடுவில் இறப்பிலோ மூளை வளர்ச்சியிலோ வேறுபாடு காணவில்லை. அதற்குள் ஒரு தலைமுறை மருத்துவர்கள் அந்தப் பிரசவத்தைக் கையால் பார்க்கக் கற்காமலே வளர்ந்துவிட்டார்கள். பழகாத கை ஆபத்தானது என்பதால் இன்று சிசேரியனே பாதுகாப்பு என்பதும் உண்மையாகிவிடுகிறது.

தமிழ்நாட்டில் 2019-21 ஆய்வின்படி 44.9 விழுக்காடு பிரசவங்கள் சிசேரியன், இந்திய அளவில் 21.5. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 36 விழுக்காடு, தனியாரில் 63.8. சிசேரியன் தேவைப்படும் பெண்ணுக்கு அது உயிர். ஆனால் அரசுக்கும் தனியாருக்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளியைப் பெண்ணின் இடுப்பெலும்பை மட்டும் வைத்து விளக்க முடியாது. "தலை திரும்பல, ஆபரேஷன்தான்" என்று சொல்லப்படும் பெண்ணுக்கு, எந்த வாரத்தில் பார்த்தார்கள், இன்னும் திரும்ப நாள் இருக்கிறதா, திருப்ப முயலலாமா என்று கேட்கத் தெரிய வேண்டும். 28 வாரத்தில் நாலில் ஒரு பிள்ளை அளவுக்குத் தலை மேலே இருப்பது இயல்பு. பெரும்பாலானவை தாமே திரும்பிவிடும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

மீதி இருப்பது

2018இல் ஒன்றிய அரசு பிரசவ சேவைக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. செவிலியர்களுக்கு 18 மாதப் பயிற்சி தந்து, இயல்பான பிரசவங்களை அவர்களே பொறுப்பேற்று நடத்தும் பதவி ஒன்றை அது உருவாக்குகிறது. பெண்ணின் மரியாதையும் சம்மதமும் அதில் பேசப்படுகின்றன. நல்ல செய்தி. அவர்களைத் தமிழில் என்னவென்று அழைக்கப்போகிறோம்? "மருத்துவச்சி" என்ற சொல்லை அவர்களுக்குத் தர நமக்குத் துணிவிருக்கிறதா? அச்சொல்லின் மேல் படிந்த சாதியைக் கழுவ ஒரு வழி, அதை மரியாதையான சம்பளத்தோடும் படிப்போடும் திரும்பச் சொல்வது. சாதிக்குள் பிறந்ததால் ஒருத்தி மேல் விழுந்த வேலை, எந்தச் சாதிப் பெண்ணும் விரும்பிக் கற்கும் தொழிலாக மாறினால்தான் அந்தச் சொல்லுக்கு விடுதலை.

மாணவிகளிடம் நான் கேட்பது இரண்டு. உங்கள் தெருவில் பிரசவம் பார்த்த ஆயா இன்னும் இருந்தால், அவளுடைய சொற்களை அவள் பேச்சிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளை கிடக்கும் விதத்துக்கு அவளிடம் எத்தனை பெயர்கள், வலிக்கு எத்தனை பெயர்கள், யார் வீட்டுக்குள் அவளை விட்டார்கள், யார் வாசலோடு நிறுத்தினார்கள், கூலியாக என்ன கொடுத்தார்கள் என்று கேளுங்கள். மருத்துவக் குறிப்பாக அவை பயன்படாமல் போகலாம். தமிழ் அகராதிக்கும் பெண் வரலாற்றுக்கும் அவை வேண்டும்.

இரண்டாவது, உங்களுக்கோ உங்கள் அக்காவுக்கோ அடுத்த முறை வயிறு பார்க்கப்படும்போது நாலு கேள்வி கேளுங்கள். தலை எங்க இருக்கு? முதுகு எந்தப் பக்கம்? எவ்வளவு இறங்கியிருக்கு? என் கையை வெச்சுக் காட்டுறீங்களா? கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில், காலையிலிருந்து நின்றுகொண்டே வேலை பார்க்கும் செவிலியிடம் இதைக் கேட்பது எளிதல்ல என்று எனக்குத் தெரியும். அவளும் நம்மைப் போலச் சோர்ந்த பெண்தான். மரியாதையோடு கேளுங்கள். பத்து பேர் கேட்டால் பதினோராவது பெண்ணுக்குக் கேட்காமலே சொல்வாள்.